ஒத்திகை பார்த்த பாடம்

1

வந்திருந்தவர்கள்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர், அவரவர் மேசையில். பலகையருகே, உட்காராமல், ப்ரின் ஹல்வர்சன். ஆசிரியர் உரிமத்துக்கான முதுகலைப் பயிற்சியில் இது அவளுடைய கடைசி மதிப்பீட்டுப் பாடம். கைகழுவும் தொட்டியருகே பல்கலைக்கழக மேற்பார்வையாளர் லோரெட்டா ஸ்டென்சல். கதவோரம் வகுப்பாசிரியையான நான். ப்ரினைப் பற்றி நான் எழுத வேண்டிய மதிப்பீட்டுக் கடிதத்தின் வரைவுதான் கைமீறிப்போய் இந்தக் கதையானது.

2

நெப்ராஸ்காவின் பனிக்காலக் காலையில்—

(இல்லை. ஜன்னல் திரை மூடியிருந்தது. மதிப்பீட்டுக் கடிதத்தில் பனி எதற்கு?)

ப்ரின் பின்னக் கணக்கைத் தொடங்கினாள். முதல் கேள்வியைக் கேட்டதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் வகுப்பில் அப்படி நடந்ததே இல்லை. முன்வரிசை மேவிஸ் எழுந்தாள்.

“மிஸ், நேத்து சொன்னதையே சொல்லணுமா, கொஞ்சம் மாத்திச் சொல்லலாமா?”

நேற்று நான் விடுப்பு. லோரெட்டாவோ அந்நேரம் மின்சாரச் சீவியில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இயந்திர இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

3

ப்ரினின் முகம் சிவந்தது. பலகையை முழுக்க அழித்தாள்.

“மதியச் சாப்பாட்டுக்கு சில்லி சூப்பும் சினமன் ரோல் பன்னும். ரோல் பதினாலுதான் வந்திருக்குன்னு வச்சுக்குவோம். எப்படிப் பங்கு போடுறது?”

கைகள் இறங்கின. பிறகு ஒவ்வொருவராக:

“பாதியா வெட்டினா அஞ்சு துண்டு மிஞ்சும்.”

“மிஞ்சினது எனக்கு.”

“ஆசையப் பாரு. அதையும் வெட்டு.”

“இருபத்து மூணு பேருக்கா? பொடிதான் கிடைக்கும்.”

மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

4

“நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, ஏன் நடுவுல திட்டத்த விட்டா?” என்றார் லோரெட்டா. “காரணத்த உங்க கடிதத்துல எழுதிடுங்க.”

முந்தைய நாளே பிள்ளைகளோடு ஒத்திகை பார்த்த பாடம் மதிப்பீட்டில் செல்லாது. தெரிந்தால் ப்ரினுக்கு இவ்வருடம் உரிமம் கிடைக்காது; எங்கள் பள்ளி அவளுக்காக வைத்திருக்கும் வேலையும் போகும்.

ஆகவே அடுத்த வரைவில் மேவிஸுக்குக் காய்ச்சல் வரவழைத்து வீட்டுக்கு அனுப்பினேன். ‘திடீரென்று ஓர் உத்வேகத்தில் செல்வி ஹல்வர்சன்—’ (விட்டுவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

5

அந்த வரைவை ப்ரினிடம் காட்டினேன்.

“இதுல நான் லூசு மாதிரி இருக்கேன். காரணமே இல்லாம பலகையை அழிக்கிறேன்.”

“காரணத்த எழுதினா வேலை போயிடும்மா.”

“தெரியும். ஆனா அழிச்சதுக்கு அப்புறம் நடந்ததுதான் என் பாடம். மேவிஸைத் திரும்ப உக்கார வைங்க.”

6

உட்கார வைத்தேன். ஒத்திகையையும் எழுதினேன். என் பக்கத்து வகுப்பறைக்கு இவள்தான் வேண்டும் என்றும் எழுதினேன்.

கடிதத்தைப் படிக்கப்போகும் லோரெட்டாவுக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிரிக்கிறார்; நம்ப முடியவில்லை. மற்றதில் சிரிக்கவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் தபால் வண்டி நிற்கிறது. கடிதத்தை வைத்த உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்து, தபால்காரரிடம் கொடுத்துவிட்டேன்.