சாமி இல்லாத தெரு

என் புருஷன் மைக்கேல் ரங்கூனில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்த இந்தியா வேறு. மேற்கே மலை, மலையடியில் மாந்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் உயரமான கோபுரம். அவருக்கு ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நானோ ரங்கூனில் பிறந்தவள். தாய்நாடு என்று காதால் கேட்டதோடு சரி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு விழவும் காட்டுவழியே நடந்து தப்பி வந்தோம். பாதமெல்லாம் வெடித்துவிட்டது. கல்கத்தாவில் ஒரு பாதிரியார் ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்.

ஊருக்குள் போக ஒரு பெரிய தெருவைத் தாண்ட வேண்டும். அது தொடங்கும் இடத்தில் மைக்கேல் குனிந்து செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நீயும் கழத்து, ரத்தினம்."

ரங்கூனில் புத்தர் கோயிலான பகோடா வாசலில் அப்படித்தான் கழற்றுவார்கள். நாங்கள் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள், ஆனாலும் அடுத்தவர் சாமிக்கு மரியாதை கொடுப்பதில் என்ன குறைந்துபோகும்? நானும் கழற்றிவிட்டு, கோயிலைத் தேடிக்கொண்டே தெருக்கடைசி வரை நடந்தேன்.

"சாமி எங்கங்க இருக்கு?"

"சாமியெல்லாம் இல்ல. இது பண்ணையார் தெரு. நம்ம ஆளுக செருப்பு போட்டு நடக்கக் கூடாது."

அங்கே ஒரு வீட்டு வாசலில் பண்ணையார் வெற்றிலை மென்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளுக்காகவா கழற்றினேன்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இத ஏன் ரங்கூன்ல சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

மீதியை நாத்தனார் செல்லத்தாய் சொல்லிக்கொடுத்தாள். அந்தத் தெருக்காரர்கள் கிணற்றில் இறைக்கக் கூடாது. காப்பிக் கடையில் நமக்குத் தம்ளர் கிடையாது, தேங்காய்ச் சிரட்டைதான். அவர்கள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். "அம்புட்டுதான் மதினி. பழகிரும்." இதைப் பழகவா அத்தனை மலை ஏறி இறங்கினேன்?

மைக்கேல் பண்ணையார் வயலில் வேலைக்குச் சேர்ந்தார், நாங்கள் குடியிருந்ததும் அவர் நிலத்தில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. பஸ் அந்தத் தெருவின் மறுமுனையில் நிற்கும். முதல் நாளே செருப்போடு நடந்தேன்.

"ஏட்டி, செருப்பக் கழத்து!" என்றார் பண்ணையார்.

"கோயில்னா கழத்துதேன். சாமியக் காட்டுங்க."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் ஆள் அனுப்பிச் சொன்னார். நாளைக்கும் என் காலில் செருப்பைப் பார்த்தால் மைக்கேலுக்குப் பண்ணையில் வேலை இல்லை, குடியிருக்கும் வீடும் இல்லை.

மைக்கேல் அழுதேவிட்டார். "நமக்குப் போக்கிடம் ஏது ரத்தினம்? ஒரு தெருதான, செத்த நேரம்..."

"அம்புட்டுத் தூரம் நடந்து வந்தவதான நான்? துரத்துனா இன்னும் நடப்பேன். இவுகளுக்காகக் கழத்த மாட்டேன்." அடுப்படியில் செல்லத்தாய் கஞ்சி கிண்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் தெருவில் இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பாதித் தெரு போயிருப்பேன். பின்னால் சரக் சரக்கென்று சத்தம். திரும்பினால் செல்லத்தாய்! பிறந்ததிலிருந்து செருப்பே போடாதவள், அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் மைக்கேல் வெறுங்காலோடு நின்றார்.

பண்ணையார் எழுந்தே விட்டார். "கழத்துட்டி!"

செல்லத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கழத்தத் தெரியாது சாமி. இன்னைக்கித்தான் போடவே படிச்சிருக்கேன்."