இரண்டு பேருக்கு ஆறு ரோலர்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. தைவானின் காவோசியுங் துறைமுகத்துக்குப் பின்னால், தியென்ஃபுவின் ஸ்கூட்டர் பட்டறையில், என் வண்டியின் பின் டயருக்காக உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பிக்கப் வேண்டும் என்றாள், இரண்டு பேர் எடைக்கு. அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்.

கேட்டதும் பார்த்ததும் அந்தப் பட்டறையில் நடந்தது மட்டும். மற்றதெல்லாம் நான் போட்டது. பெயர் உட்பட: பாவ்யுவே.

2

முதல் தொடக்கம்: "சிக்னலில் பச்சை விழுந்தபோது பாவ்யுவே அன்று எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்றால்—"

தெரியாது. விட்டுவிட்டேன். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "சின்ன ஸ்கூட்டரில் கியர் போட வேண்டியதில்லை. எஞ்சினோடு சுழலும் முன் தட்டுக்கும் பின்சக்கரத்தைச் சுழற்றும் பின் தட்டுக்கும் நடுவில் ஒரு பெல்ட் ஓடுகிறது. முன் தட்டுக்குள் ஆறு ரோலர்கள். எஞ்சின் சுழலச் சுழல அவை வெளியே ஒதுங்கி, தட்டை நெருக்கி, பெல்ட்டை மேலேற்றும். வண்டி வேகத்துக்கு மாறும்."

பாடப்புத்தகம். ஆனால் இது இல்லாமல் கதை நகராது, அதனால் வைத்துக்கொண்டேன்.

(ரோலரின் எடையைக் குறைத்தால் இழுவை கூடும் என்றார் தியென்ஃபு. மூன்று முறை கேட்டேன். இலேசான ரோலர் சீக்கிரம் ஒதுங்காது. எஞ்சின் நன்றாகச் சுழன்ற பிறகே ஒதுங்கும். அதுவரை வண்டி மேடு ஏறுகிற பலத்திலேயே இருக்கும். மூன்றாவது முறை புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மறந்தது.)

3

பாவ்யுவேயும் லீஷியாவும் மீன் உருண்டைத் தொழிற்சாலையில் ஒரே மேசை. கையால் உருட்டும் மேசை. பதினோரு வருடமாக ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். பாவ்யுவே ஓட்டுவாள். லீஷியா பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்கும். பாவ்யுவே எல்லாவற்றுக்கும் "ம்" போடுவாள்.

சிக்னலில், லாரிகள் நிற்கும் கோட்டுக்கு முன்னால், ஸ்கூட்டர்களுக்கென்று ஒரு வெள்ளைக் கட்டம். அதில் நின்றவர்கள் முதலில் கிளம்பலாம். கிளம்பித்தான் ஆகவேண்டும், பின்னால் நிற்பது கண்டெய்னர் லாரி.

மார்ச்சில் ஒரு காலை பச்சை விழுந்தது. மற்ற வண்டிகள் போய்விட்டன. இவர்களுடையது நின்றது. பின்னாலிருந்த லாரியின் பம்பர் இவர்கள் நம்பர் பிளேட்டைத் தொட்டு நின்றது. பிளேட் வளைந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

வண்டி இழுக்கவில்லை என்றாள் பாவ்யுவே. மறுநாளிலிருந்து லீஷியா பேருந்தில் போகிறாள், நடுவில் ஒருமுறை மாறி.

லீஷியா அவளிடம் பேசுவதில்லை என்று எழுதினேன். பொய். பேசுகிறாள். எல்லோரிடமும் பேசுவதுபோல் பேசுகிறாள்.

4

இனி நான் காதால் கேட்டது.

"ரெண்டு பேருக்குன்னா ரோலர் வெயிட்டக் கொறைக்கணும்க்கா. அப்புறம் நீங்க ஒத்தையா போனா வண்டி சும்மா கத்தும்."

"கத்தட்டும்."

"பெட்ரோல் குடிக்கும்."

"குடிக்கட்டும்."

"பின்னாடி உக்கார்றவங்க எவ்வளவு எடை?"

"அவ சொல்றது அம்பத்தெட்டு. நீ அறுபத்தஞ்சுன்னு வச்சுக்க."

தியென்ஃபு சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.*

* தியென்ஃபு மீது எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் வரைவில் அவரைப் பெரிய ஞானியாக்கி, அச்சத்தைப் பற்றி ஒரு வரி பேசவைத்தேன். நான் அறிந்த எந்த மெக்கானிக்கும் அப்படிப் பேசியதில்லை. அடித்துவிட்டேன்.

5

பக்க மூடியைக் கழற்றினார். பெல்ட் நன்றாக இருந்தது. ரோலர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். தேய்ந்த ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அப்படியானால் வண்டி கிளம்பத் திணறும். தேய்ந்திருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

தேயவில்லை.

எழுதும்போது மூன்று நாள் இந்த இடத்திலேயே நின்றேன். அவர் பொய் சொல்லலாம்: நல்லா தேஞ்சிருக்குக்கா. அவளுக்கு நிம்மதி, கதைக்கு முடிவு. அல்லது உண்மையைச் சொல்லலாம். அப்போது கதை அவருடையதாகிவிடும். அன்று பட்டறையில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் காற்றடிக்கும் எந்திரம் ஓடியது. பார்த்தது மட்டும் இருக்கிறது: அவள் கை நீட்டினாள். அவர் ஒரு ரோலரை அதில் வைத்தார். விரல் நுனிகளுக்கு நடுவில் அதை உருட்டினாள். பிறகு அடுத்ததை. ஆறையும்.

இருபது வருடம் உருண்டை உருட்டிய விரலுக்கு மெக்கானிக் எதற்கு?

எந்திரம் நின்றது. "வட்டமாத்தான் இருக்கு," என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப தப்பு வண்டி மேல இல்ல."

அவர் துணியை மடித்தார்.

"இருந்தாலும் மாத்து," என்றாள்.

6

மூன்று ரோலரை எடுத்துவிட்டு, இரண்டு கிராம் குறைந்த மூன்றை ஒன்றுவிட்டு ஒன்று போட்டார். கிளட்சுக்குச் சற்று விறைப்பான ஸ்பிரிங். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். அவரே பின்னால் ஏறினார். அதே சிக்னலுக்குப் போகச் சொன்னாள்—இல்லை, ஓட்டுவது அவள்; அவளே போனாள்.

(நான் பட்டறையில்தான் இருந்தேன். இது ஊகம்.)

கட்டத்தில் நின்றார்கள். பின்னால் லாரி வந்து மூச்சுவிட்டு நின்றது. பச்சை. கை திரும்பியது. எஞ்சின் அலறியது. மற்ற ஸ்கூட்டர்கள் பக்கவாட்டில் பின்னே நழுவின. தியென்ஃபு இரண்டு கையாலும் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"அந்தக்கா கெட்டியாப் புடிச்சுப்பாங்களா?"

"மாட்டா. பேசிக்கிட்டே வருவா."

7

ஒரு முடிவு: லீஷியா ஏறுகிறாள், பேசுகிறாள், பாவ்யுவே "ம்" போடுகிறாள். இரண்டு பக்கம் வந்தது. எழுதச் சுகமாக இருந்தது. கிழித்தேன்.

இன்னொன்று: இரண்டு பேருக்கு வைத்த வண்டி ஒருத்தியைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் கத்திக்கொண்டு போகிறது. இதுவும் வந்தது. இதில் ஒரு சோகம் தன்னைத்தானே ரசித்துக்கொண்டிருந்தது. கிழித்தேன்.

மிஞ்சியது இவ்வளவு. காலை ஆறே கால். லீஷியாவின் வீட்டுக் கீழே பாவ்யுவே வண்டியை அணைக்காமல் நிற்கிறாள். லீஷியா பேருந்து அட்டையுடன் இறங்கி வருகிறாள்.

"வண்டிமேல பழி போட்டேன். அது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஆக்சிலேட்டர முறுக்கல. ஏன்னு தெரியல."

"எனக்கு அன்னிக்கே தெரியும். பின்னாடி உக்காந்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் சொல்லல."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." பிறகு லீஷியா கேட்கிறாள்: "இனிமே முறுக்குவியா?"

முறுக்குவேன் என்று சொல்வது சுலபம். அதனாலேயே பாவ்யுவே வாயைத் திறக்கவில்லை. நானும் அவளுக்காகச் சொல்ல மாட்டேன்.

படிக்கிற உங்களுக்கு லீஷியாவைவிடக் கூடுதலாகத் தெரியும். பட்டறையில் ஒரு பகல் போனது தெரியும். ஒருமுறை கை திரும்பியது தெரியும். அப்போது பின்னால் இருந்தது லீஷியா அல்ல என்பதும் தெரியும்.

தெருமுனையில் பேருந்து திரும்புகிறது. லீஷியா உங்களைப் பார்க்கிறாள். சொல்லுங்கள், இந்த வண்டியில் ஏறலாமா?