எள்ளில் ஏறிய ஈரம்

திங்கட்கிழமை ஜோஸ்மியின் எள்ளுக்கு எண்ணெய் அளக்கும் கருவி ஐம்பத்தொன்பது என்று காட்டியபோது, பிருந்தாதான் முதலில் கைதட்டினாள். வயிறு பற்றி எரிந்தது யாருக்கும் தெரியவில்லை.

துபாயின் அல் குசைஸில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை ஒன்றே ஒன்றுதான். எள்ளின் மரபணுவைத் திருத்தி, அதே விதையில் கூடுதல் எண்ணெய் சேர வைப்பது. சாதாரண எள்ளில் நூற்றுக்கு ஐம்பது பங்கு எண்ணெய் என்றால், அதை எவ்வளவு தூரம் ஏற்றலாம் என்பதுதான் அங்கே எப்போதும் பேச்சு. விதைக்குள் எண்ணெய் சேரும் கடைசிப் படியில் வேலை செய்யும் மரபணுவைப் பிடித்து அதன் வேகத்தைக் கூட்ட பிருந்தாவுக்கு நான்கு வருஷம் பிடித்தது. அதே திங்களன்று அவளுடைய எள் ஐம்பத்தாறு காட்டியது. போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்த ஜோஸ்மி அந்தப் பக்கமே போகவில்லை. விதைத்தோலைத் தடிக்க வைக்கும் மரபணு ஒன்றை முடக்கினாள். தோல் மெலிந்தது, உள்ளே பருப்பு நிறைந்தது. அவ்வளவுதான் செய்தாள்.

"தோலை உரிச்சுட்டா யாருக்குத்தான் கூட வராது?" என்று வீட்டுக்கு வந்ததும் பிருந்தா கணவன் தியாகுவிடம் பொருமினாள்.

"அப்போ நீயே உரிச்சிருக்கலாமே," என்றான் அவன், தோசையைத் திருப்பிக்கொண்டே.

அவள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அல் ஐன் பசுமைக்குடிலில் அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு எள்ளுக்குத்தான் இடம் இருந்தது. எதை அனுப்புவது என்று தலைவர் கலீலுர் ரஹ்மான் புதன்கிழமை சொல்லியாக வேண்டும். போகாத எள் ஃபிரிட்ஜில் கிடக்கும். கூடவே அந்த நான்கு வருஷமும் கிடக்கும்.

செவ்வாய் காலை வாட்ச்மேன் சொன்ன சேதி பிருந்தாவின் வயிற்றில் பாலை வார்த்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கட்டடத்தில் ஏசி ஓடவில்லையாம். ஆகஸ்ட் மாதத்து துபாய்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். விதையில் ஈரம் ஏறிவிட்டால் அதையும் எண்ணெய் என்று எண்ணிக்கொள்ளும் அசட்டுக் கருவி அது. அதனால்தான் காயவைத்த விதைகளை, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடி ஜாடியில் வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை ஜோஸ்மி அந்த ஜாடியைத் திறந்து தன் பொட்டலத்தை வைத்ததைப் பிருந்தா பார்த்திருந்தாள். மூடியை இறுக்கினாளா? போனில் அம்மாவோடு சிரித்துக்கொண்டேதானே மூடினாள்!

நேரே தலைவர் அறைக்குப் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஜோஸ்மி விதையில ஈரம் ஏறியிருக்கும்னு தோணுது. ரெண்டு நாள் ஏசி இல்ல. மறுபடி காய வெச்சுப் பாக்கறது நல்லது."

அவர் ஜோஸ்மியைக் கூப்பிட்டார். அவள் முகம் சுண்டுவதைப் பார்க்கப் பிருந்தா காத்திருந்தாள்.

"சரியாத்தான் சொல்லுதாங்க சார், எனக்குத்தான் தோணல," என்றாள் ஜோஸ்மி. "தேங்க்ஸ்க்கா."

"அப்போ ரெண்டு பேரோடதையும் ஓவன்ல போடுங்க. ஒருத்தரோடத மட்டும் காய வெச்சா நியாயமில்ல. கலாஸ், அவ்வளவுதான்," என்றார் தலைவர்.

ரெண்டு பேரோடதையும். பிருந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அவள் தன் பொட்டலத்தை ஜாடியில் வைக்கவே இல்லை. ஜோஸ்மியின் கண் தன் விதைமேல் படக் கூடாது என்று, காகித உறையோடு மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். மனுஷருக்குப் போட்ட பூட்டு காற்றை என்ன செய்யும்?

சொல்லிவிடலாமா? ஜோஸ்மி நிற்கிறாளே என்று விட்டுவிட்டாள்.

புதன் காலை ஜோஸ்மியின் எள் மறுபடியும் ஐம்பத்தொன்பது காட்டியது. பிருந்தாவின் எள் ஐம்பத்து மூன்றுக்கு இறங்கியிருந்தது.

"மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். என்னோடதுதான் ஜாடியில இல்ல. டிராயர்ல இருந்துச்சு."

"டிராயர்லயா? ஏம்மா?"

அவள் தன் விதையை மறுபடி உறைக்குள் கொட்டி மடித்தாள். "சரி. யல்லா ஜோஸ்மி, அல் ஐனுக்கு பேக் பண்ணு," என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் ஜோஸ்மி அவள் கையைப் பிடித்தாள். "ஜாடியில எடம் கெடந்துச்சுல்லாக்கா. நீங்களும் வைப்பீங்கன்னுதான் எம்பொட்டலத்த ஓரமா ஒதுக்கி வச்சேன்."

இதற்குப் பதில் ஜோஸ்மி நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பிருந்தாவுக்குத் தோன்றியது.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு பிருந்தா ஜாடியைத் திறந்து தன் பொட்டலத்தை உள்ளே வைத்தாள். அனுப்பியது போக மீதி இருந்த ஜோஸ்மியின் விதை ஓரமாக இருந்தது. மூடி கையில் இருந்தது. ஒரு நூல் அளவு தளர்த்தி வைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போது உள்ளே அவளுடையதும் இருக்கிறதே.

இரண்டு கையாலும் மூடியை அழுத்தித் திருகினாள். காற்று புகுமோ என்று விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, கண்ணாடி வழியே பொட்டலத்தின்மேல் தெரிந்த ஜோஸ்மியின் பெயர் சுவர்ப்பக்கம் போகும்படி, ஜாடியை மெல்லத் திருப்பி வைத்தாள்.