சூசைமேரி தேர்ந்த அத்தர்

1979 டிசம்பர். ஆரணியில் அந்த வருஷம் பனி அதிகம். கல்யாணமாகி வரும் முதல் கிறிஸ்துமஸுக்கு மனைவி சூசைமேரிக்கு நல்ல அத்தராக வாங்கித் தர வேண்டுமென்று பள்ளிக்கூட வாத்தியார் சவரிராஜுக்கு ஆசை.

அத்தர் கடை பாய் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். "குளிருக்கு இது ரெண்டும்தான் சார். உடம்புச் சூட்டுல நிக்கும்."

சவரிராஜின் இடது மணிக்கட்டில் அம்பர் அத்தரைத் தடவினார். பால்கோவா போல இனித்தது. வலதில் ஷமாமா என்ற மசாலா அத்தர். வெல்லப்பாகில் கிராம்பைத் தட்டிப் போட்டது போல இனிப்போடு ஒரு காரமும் மூக்கில் ஏறியது. சவரிராஜுக்கு அம்பர்தான் பிடித்தது. இருந்தாலும், "வீட்ல காட்டிட்டு வரேன் பாய்" என்று சைக்கிளை எடுத்தான்.

சூசைமேரி தறியில் இருந்தாள். மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை பாதி நெய்தாகியிருந்தது. அவன் கையை நீட்டிக்கொண்டு நெருங்க, "ஐயோ, எண்ணெய்க் கையோட பட்டு கிட்ட வராதீங்க!" என்று கத்திவிட்டாள். பிறகு அவளே எழுந்து வந்து இரண்டு கைகளையும் முகர்ந்தாள்.

"எது மேரி?"

"இப்பவே எப்படிச் சொல்றது? ஈரத்துல பாத்த சாயமும் காஞ்ச சாயமும் ஒண்ணா? ரெண்டு மணி நேரம் போவட்டும். கை கழுவாம குந்துங்க."

குந்தினான். அவள் நெய்துகொண்டே இருந்தாள். சாப்பாட்டு வேளை வந்தது. கை நனைத்தால் வாசனை போய்விடுமே! சிரித்துக்கொண்டே அவளே ஊட்டிவிட்டாள். கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை.

சாப்பிட்டதும் மறுபடி முகர்ந்தாள். அம்பர் அதே இனிப்பில் நின்று திகட்ட ஆரம்பித்திருந்தது. ஷமாமாவின் காரம் அடங்கி, வெயிலில் காயவைத்த கம்பளி போலக் கதகதப்பாக இருந்தது.

"இதுதாங்க."

சவரிராஜும் முகர்ந்து பார்த்தான். அவனுக்கே ஆச்சரியம்.

கடைக்குப் போய் அவள் சொன்னதை அப்படியே சொன்னான். பாய் ஷமாமா குப்பியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "முப்பது வருஷமா விக்கிறேன். இந்தப் பொறுமை ஒருத்தர் கிட்டயும் பாத்ததில்ல. அவங்களையும் கூட்டிகினு வாங்க சார். புதுச் சரக்கு வந்தா அவங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்."

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, "என்ன வாசனை இது, சூசைமேரி?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவள் வாயைத் திறக்குமுன் சவரிராஜ் முந்திக்கொண்டான்: "இவளே பொறுக்கி எடுத்தது!"

நான்காவது ஆளிடமும் அதையே சொன்னபோது, வெட்கத்தில் அவள் முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள்.