யார் போட்ட கலப்படம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு திருட்டு வேலை உண்டு. மலையையும் ஊடுருவி வரும் நுண்துகள்களைப் பிடித்துப் பதிவு செய்கிற இடம் அது. பதிவுகளைப் பார்ப்பவர்கள் தூங்கி வழிகிறார்களா என்று சோதிக்க, அவ்வப்போது ஒரு பொய்யான பதிவைக் கணினிக்குள் நுழைத்துவிடுவோம். அதற்குக் கலப்படம் என்று பெயர். நுழைக்கும் உரிமை இரண்டே பேருக்கு: எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். போட்டது யார் என்று எங்களுக்குள்கூட மூச்சுவிடக் கூடாது. ஆண்டுக் கடைசியில் தலைவர் கேட்கும்போதுதான் வாயைத் திறக்கலாம்.

இந்த முறை நான் எதுவும் போடவில்லை, அப்படியானால் வந்த கலப்படம் என் வீட்டுக்காரருடையதுதான். பார்த்து அசந்துபோனேன். அணுவைவிடச் சிறிய கருந்துளை ஒன்று ஆவியாகிக்கொண்டிருக்கிறதாம். கருந்துளை சோப்பு மாதிரித் தேயும். ஆனால் தேயத் தேயச் சூடேறும், கடைசியில் ஒரே வெடிப்பாக முடியும். வானத்தில் எங்கோ நடந்தால் நமக்கென்ன. இந்த மனிதர் அதைப் பூமிக்குள்ளேயே சுற்றவிட்டிருந்தார், அதுவும் எங்கள் ஊருக்கு அடியில். பதிவுகளில் வாராவாரம் அதன் சூடு ஏறிக்கொண்டே வந்தது. வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் ஏழு தடவை சொல்ல வேண்டும், இதற்கு மட்டும் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்திலும் எல்லோரும் இது கலப்படம் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சிரித்தார்கள். கலப்படத்தை நம்பி ஊரைக் கூட்டினால் மானம் போய்விடும் என்று யாரும் வெளியே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் தரையில் குப்புறப் படுத்திருந்தாள்.

"அம்மா, கண்ணை மூடினா பளிச்சு பளிச்சுனு வருது. குப்புறப் படுத்தாதான் நிறைய வருது."

ரொம்ப நேரம் டிவி பார்த்தால் அப்படித்தான் என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, அவள் பக்கத்தில் நானும் படுத்துக் கண்ணை மூடினேன். இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு சத்தமில்லாமல் ஓடி மறைந்தது. பிறகு இன்னொன்று. துகள்கள் நிஜமாகவே கீழிருந்து கண்ணுக்குள் பாய்ந்தால்தான் இப்படித் தெரியும். கலப்படம் கணினிக்குள்தான் இருக்கும், கண்ணுக்குள் வராது.

அவர் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். விதிமுறையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று கேட்டுவிட்டேன்.

"என்னங்க, அந்தக் கருந்துளை நீங்க போட்டதுதானே?"

அவர் குறும்பாகச் சிரித்தார். "யார்கிட்ட நடிக்கிற? உன்னைத் தவிர யாருக்கு அப்படித் தோணும்? பார்த்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன்."

"நான் போடலைங்க."

குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா, பிள்ளையை விடுமுறைக்கு அனுப்பு என்று போன மாதமே கெஞ்சினாள். அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தேன். நான் அவரை மெச்சிக்கொண்டும் அவர் என்னை மெச்சிக்கொண்டும், இரண்டு பேரும் மகளை இங்கேயே வைத்திருந்தோம்.

ஈரக் கையோடு வண்டிச் சாவியை எடுத்தார். செருப்புகூடப் போடாத பிள்ளையைப் பின்சீட்டில் என் மடியில் இருத்திக்கொண்டேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்டார். காலுக்கு அடியில் சுற்றுவதிலிருந்து எந்தப் பக்கம் ஓடுவது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும். நேராகப் போங்கள் என்றேன்.

இன்னும் பளிச்சு பளிச்சுனு வருது என்றாள் மகள். பயப்படாதே, கண்ணை மூடாமல் இரு, ஒன்றும் தெரியாது என்று அவள் தலையைத் தடவினேன்.

"திறந்துதாம்மா வச்சிருக்கேன்" என்றாள்.