இரண்டாவது கிளட்ச்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவனுக்குக் ‘கத்தல் மாஸ்டர்’ என்று பெயர். கூடச் சொல்லிக்கொடுப்பவளை எல்லோரும் ‘மேடம்’ என்றார்கள். அதுவே அவனுக்கு வயிற்றெரிச்சல். போதாததற்கு முதலாளி ஒரு போட்டி வேறு வைத்தார்: யார் வண்டி குறைவாகப் பெட்ரோல் குடிக்கிறதோ, அவருக்குப் புதுக் கார். மேடத்தின் வண்டி லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்தது. அவனுடையது பன்னிரண்டுக்கே மூச்சு வாங்கியது.

“உங்க வண்டி பெட்ரோலைக் குடிக்குதா மாஸ்டர், இல்ல குளிக்குதா?” என்று அலுவலகப் பெண் சீண்டினாள்.

அன்றே வண்டியில் பெட்ரோலை மிச்சப்படுத்தும் ‘சிக்கன மோடு’ பொத்தானை அமுக்கினான். அப்போது அவனிடம் கற்றுக்கொண்டிருந்தவள் சொந்த மச்சினி. லைசென்ஸ் கிடைத்தால்தான் அவளுக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. கிளப்பும்போதெல்லாம் எஞ்சினை உறுமவிடுவாள்; உறுமினால் பெட்ரோல் போச்சு. அதனால் பயிற்சியாளர் பக்கமிருக்கும் இரண்டாவது கிளட்ச்சை அவனே மிதித்து, பூப்போல விட்டு, வண்டியை நகர்த்தினான். வேகம் பிடிக்கும் முன்பே, “மூணாவது கியர் போடு! நாலு!” என்று துரத்தினான்.

“எனக்கு நல்லா வருதுல்ல மாமா?”

“பிரமாதம்!” என்றான். கண் மைலேஜ் எண்ணின் மேலேயே இருந்தது.

பதினேழு வந்தது. புதுக் கார் சாவியும் வந்தது. மேடம் சிரித்துக் கைகுலுக்கினாள். அவள் முகம் கொஞ்சம்கூட வாடவில்லையே என்று அதற்கும் எரிச்சல்பட்டான்.

தேர்வன்று அவன் இருக்கையில் அதிகாரி உட்கார்ந்தார். அவர் கால் அந்த இரண்டாவது கிளட்ச் பக்கம் போகவே இல்லை. மச்சினி மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறப் பார்த்தாள். வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினாள், பின்னால் உருண்டது. பெயில்.

அவள் அழவில்லை. “இத்தனை நாளும் நீங்கதான் ஓட்டியிருக்கீங்க மாமா. கம்பெனியில ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன். என்னை மேடம்கிட்ட மாத்திவிடுங்க.”

வேறு வழியில்லாமல் மேடத்தின் முன்னால் போய் நின்றான்.

“கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு அவளுக்குத் தெரியுமா மாஸ்டர்?”

“தெரியாது.”

“சரி, காலையில வரச் சொல்லுங்க. முதல் கியர்லேயே ரெண்டு நாள் ஓட்டட்டும். என் மைலேஜ் கெட்டா கெட்டுப் போகுது.”

குத்திக்காட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு மனசு ஆறியிருக்கும்.