ஒன்பதாம் வகுப்பு

சூசைதாசன் என் கணவரின் மூத்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் அவர்தான் நிரப்புவார், அதுவும் தன்னுடைய ஈமெயிலில். ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு ஆளைக் கூப்பிட்டாலும் சரி, வீடு வாங்கினாலும் சரி, பதில் றிச்மண்ட் ஹில்லில் அவருடைய கம்பியூட்டருக்குத்தான் வரும். எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை.

"அண்ணை செய்தா எல்லாம் சரியா நடக்கும்" என்றார் என் கணவர் ஜூலியஸ்.

நான் வோபர்னில் ஒரு டேகெயாரில் சமைக்கிறேன். சட்டியைக் கழுவிவிட்டு, பிள்ளைகள் விளையாடுவதைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தது போதும். அவர்களோடு அந்த அறைக்குள் இருக்க வேண்டும் என்றால் கொலிஜில் குழந்தைப் பராமரிப்புப் படிக்க வேண்டும். நானோ ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அதனால் பெரியவர்களுக்கான பன்னிரண்டாம் வகுப்புச் சமநிலைப் பரீட்சை எழுதினேன். கணக்கில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுமுறை பாஸ் பண்ணினேன். அன்றைக்கு என் மகள் றெபேக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கொலிஜுக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழின் பிரதியைத்தான் சூசை அண்ணையிடம் கொடுத்தேன்.

வகுப்புத் தொடங்கும் செப்டெம்பர் நெருங்கியும் பதில் இல்லை. கொலிஜுக்கு நேரில் போய்க் கேட்போம் என்று நான் பிடிவாதம் பிடிக்க, சூசை அண்ணை முகத்தைச் சுளித்துக்கொண்டே காரில் கூட்டிப்போனார். கவுண்டரில் இருந்த பெண் ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"உங்கள் ஸ்ரீலங்கா ஏ.எல். பள்ளியிறுதிச் சான்றிதழை இரண்டு தடவை கேட்டோம். இன்னும் வரவில்லையே" என்றாள் ஆங்கிலத்தில்.

"எந்த ஏ.எல்.?" என்று அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அருள், எங்கட வீட்டில ஒன்பதோட நிண்ட ஆள் எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை. ஏ.எல். பாஸ் எண்டு போட்டிட்டன். சண்டையில எரிஞ்சு போச்செண்டு சொல்லும். எல்லாற்றையும் எரிஞ்சதுதானே."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. என் பள்ளிக்கூடம் எரிந்தது உண்மை. அதற்குப் பிறகு நான் வகுப்பறையையே காணாததும் உண்மை. இவருடைய கௌரவத்துக்காக அந்தப் பள்ளிக்கூடத்தை நான் இன்னொரு தடவை எரிக்க வேண்டுமா? சான்றிதழ் உண்மையாகவே எரிந்தவர்களின் பெயரால் பொய் சொல்ல இந்த மனுஷனுக்கு நாக்கு எப்படி வந்தது?

கைப்பையிலிருந்து என் சான்றிதழை எடுத்து வைத்தேன். "நோ ஏ.எல்.," என்றேன். "ஒன்லி கிளாஸ் நைன். திஸ் ஒன், ஐ பாஸ்."

அந்தப் பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுவே போதுமே! இதை அப்போதே அனுப்பியிருந்தால் இடம் கிடைத்திருக்கும். இப்போது வகுப்பு நிறைந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திருத்தினால் வெயிற்றிங் லிஸ்டில் போடுகிறேன்."

சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கார் பார்க்கிங்குக்கு நடந்தேன். அண்ணை பின்னாலேயே வந்தார்.

"வீட்ட போய் நானே திருத்தி விடுறன். ஆனா உந்த ஒன்பதாம் வகுப்புக் கதை சேர்ச்சில ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், என்ன?"

"பாஸ்வேர்ட்டைச் சொல்லுங்கோ."

"அதேன் உமக்கு? நான்தானே..."

"என்ர படிப்பு அண்ணை. பாஸ்வேர்ட்டைச் சொல்லுங்கோ!"

நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். சூசைதாசன் பீ.ஏ. குடும்பத்தில் எல்லோருக்கும் அதே பாஸ்வேர்ட்தானாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

காரில் ஏறாமல் நின்றபடியே போனில் விண்ணப்பத்துக்குள்ளே போனேன். அவருடைய ஈமெயிலை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். ஏ.எல். என்று இருந்ததை அழித்து, என் சான்றிதழைப் படம் பிடித்து ஏற்றினேன். பாஸ்வேர்ட்டையும் மாற்றினேன்.

"என்ன போட்டனீர்?" என்றார், ஏதோ தன் வீட்டுச் சாவியை நான் பிடுங்கிக்கொண்டதைப் போல.

"அருள்நாயகி, ஒன்பதாம் வகுப்பு" என்றேன். பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பமும் திரும்பிப் பார்க்கும்படி, நல்ல சத்தமாகத்தான் சொன்னேன்.